இடுப்பளவுத் தண்ணீர்

"தலை இன்னா இப்டி சொட்டச் சொட்ட நனைஞ்சிகீது?" என்று கேட்டாள் பூங்கொடி.

அப்பாசாமி ஒரு கால் செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். வாட்ச்மேன் கேட்டால் என்ன சொல்வது, கம்பெனி பஸ்ஸில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. மனைவிக்குச் சொல்லவேண்டிய பதிலை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அதற்குள் வீடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டுக் கலையரசன், தோளில் மட்டைப் பையோடு படியேறி வந்தான். "குட் மார்னிங் அண்ணாத்த" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

"ஷட்டில்," என்றார் அப்பாசாமி.

"யாரு, நீங்களா?"

"ஆமா. சேந்துகீறேன். கம்பெனி டாக்டர் சொன்னாங்கல்ல."

"அத்தனையும் வேர்வையா?"

"நல்லா ஆடுனேன்."

பூங்கொடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை காய்ந்திருந்தது. பேன்ட் காய்ந்திருந்தது. தலை மட்டும் வாளியில் முக்கி எடுத்த செம்பு மாதிரி இருந்தது. அவள் உள்ளே போய்த் துண்டை எடுத்துவந்து நீட்டினாள்.

"நல்லா தொவட்டுங்க. சளி புடிச்சிக்கப் போவுது."

பேச்சு அதோடு முடிந்ததில் அப்பாசாமிக்குப் பெரிய நிம்மதி. ஒரே ஒரு பொய், அதுவும் சின்னப் பொய் என்று நினைத்துக்கொண்டு இட்லிக்கு உட்கார்ந்தார்.

டாக்டர் சொன்னது உண்மைதான். அப்பாசாமி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி நடத்திய மருத்துவ முகாமில் அவருடைய சர்க்கரையும் பிரஷரும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்தன. மகள் வயதில் ஒரு டாக்டர், "அங்கிள், உங்க வயசுல புதுசா விளையாடக் கத்துக்கறவங்க இப்ப எவ்ளோ பேர் தெரியுமா? ஷட்டில் இருக்கு, டேபிள் டென்னிஸ் இருக்கு, சைக்கிள் இருக்கு, ஸ்விம்மிங் இருக்கு. ஏதாவது ஒண்ணைப் புடிச்சிக்கோங்க" என்றாள். கடைசியாகச் சொன்னதைத் தவிர வேறு எதுவும் அப்பாசாமியின் காதில் நிற்கவில்லை.

செங்கல்பட்டு பைபாஸ் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் நீச்சல் குளம் ஒன்று இருந்தது. 'பெரியவர்களுக்கும் நீச்சல் கற்றுத்தரப்படும். பயம் வேண்டாம்' என்று ரோட்டோரம் பலகை வைத்திருந்தார்கள். கம்பெனி பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பாசாமி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். முகாம் முடிந்த மறுநாள் காலை, அவராகவே நடந்துபோய் அந்தப் பலகைக்குக் கீழே நின்றார்.

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. கடல், அலை, குளம், நீச்சல் என்ற வார்த்தைகளெல்லாம் அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாமல் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. டிவியில் புயல் செய்தி வந்தால்கூட இருவரில் ஒருவர் எழுந்துபோய் வேறு சேனல் வைப்பார். மீன் வாங்குவது தானாக நின்றுபோயிற்று.

ஒரே பிள்ளை. பாலசுப்ரமணியன் என்று பெயர் வைத்து, மணி என்று கூப்பிட்டார்கள். படிப்பு முடிந்து வேலை கிடைத்த வாரம், அப்பாவை பைக்கில் பின்னால் உட்காரவைத்துச் சதுரங்கப்பட்டினம் கூட்டிப்போனான். கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தார்கள். "இருப்பா, கால நனைச்சிட்டு வந்துடறேன்" என்று சட்டையையும் வாட்சையும் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். கால் நனைத்தான். முட்டி நனைத்தான். அப்புறம் ஒரு அலை வந்து போனபோது அவன் நின்ற இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு கை மட்டும் தெரிந்தது.

அப்பாசாமி ஓடினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அதற்குமேல் அவருடைய கால்கள் நகரவில்லை. அங்கேயே நின்று கத்தினார். படகு ஓரமாக உட்கார்ந்திருந்த மீனவர்கள் ஓடிவந்து, அவரைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் பையனின் உடலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்வரை அப்பாசாமி இடுப்பளவுத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார். வாட்சை மட்டும் நனையாமல் மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. பூங்கொடி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றும். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, கல்பாக்கம் பஸ் பிடித்துச் சதுரங்கப்பட்டினம் போய் அந்த மணலில் உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். அவர் செருப்பிலிருந்து வாசலில் உதிர்ந்த மணல் மறுநாள் காலையில் பெருக்கியிருக்கும். பூங்கொடியும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், மத்தியானங்களில் ஆரி தையல் வேலைப்பாடு வகுப்பு என்று எங்கேயோ போய்வந்துகொண்டிருந்தாள். அதைப்பற்றி அவரும் கேட்டதில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாக நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

குளத்தில் மாஸ்டர் ஜெபக்குமார். காலையில் ஆண்களுக்கு அவன் கற்றுக்கொடுப்பான். மத்தியானம் பெண்களுக்கு அவன் மனைவி பிரிசில்லா கற்றுக்கொடுப்பாள். முதல் நாள் வாசலில் உட்கார்ந்திருந்தவள் பிரிசில்லாதான். பேரும் ஊரும் கேட்டாள். அப்பாசாமி சொன்னதும் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, வயசு ஜாஸ்தியா?"

"அதெல்லாம் இல்ல சார். நல்லா கத்துக்கங்க," என்றாள்.

நன்றாகக் கற்றுக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. பெரியவர்கள் வகுப்பில் அவரோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரு வாரத்தில் மிதந்தார்கள். கூட்டுறவு வங்கி மேனேஜர் கோபாலகிருஷ்ணன் இருக்கிற உடம்புக்கு மிதக்கவே மாட்டார் என்று அப்பாசாமி உறுதியாக நம்பியிருந்தார். அவரும் தக்கை மாதிரி மிதந்தார். அப்பாசாமி மட்டும் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூஞ்ச தண்ணியில வுடு சார்," என்றான் ஜெபக்குமார். "ஒரே ஒரு வாட்டி. நான் பக்கத்துலதான் கீறேன்."

அப்பாசாமி ஒரு முகூர்த்த நாளில் அதைச் செய்தார். கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள் முக்கினார். அந்த வினாடி பார்த்து மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கிற்று. தண்ணீருக்குள் அது உலகம் இடிந்து விழுவதுபோலக் கேட்டது. அலறியடித்து எழுந்தவர், கைக்குக் கிடைத்த கோபாலகிருஷ்ணனை இறுகக் கட்டிக்கொண்டார். மண்டபத்து மாடியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை, கையிலிருந்த அட்சதையை இவர்கள் இருவர்மேலும் போட்டது.

அவமானம்கூடப் பெரிதில்லை. தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் கால்கள் மரத்துப்போவதுதான் பெரிதாக இருந்தது.

"கால் இன்னா சார், கான்கிரீட் போட்ட மாதிரி நிக்கிது?" என்று ஒரு நாள் ஜெபக்குமார் கேட்டான். அப்பாசாமி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். மறுநாளிலிருந்து அவன் கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுக்கும் மார்பளவுக்கும் நடுவில், கல்யாணத்தில் அக்னியைச் சுற்றுவதுபோல அவரைச் சுற்றிச் சுற்றி நடக்கவைத்தான்.

வீட்டில் ஷட்டில் வளர்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாத்த, எங்கியோ போய் ஆடிகினு கீறியாமே. அண்ணி சொன்னாங்க," என்று கலையரசன் வந்து நின்றான். அவன்தான் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர். யாராவது ஓடினால் பின்னால் ஓடுவான், யாராவது குதித்தால் கூடக் குதிப்பான். "நம்ம பில்டிங் பின்னாடியே கோர்ட்டு கீது. ஞாயித்துக்கெழம நீ என் பார்ட்னர்."

"நான் இன்னும் கத்துகினுதான் கீறேம்பா."

"அண்ணி உனக்குப் புது மட்டையே வாங்கிகீறாங்க."

அப்பாசாமி திரும்பிப் பார்த்தார். பூங்கொடி உறை பிரிக்காத மட்டையோடு நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. அப்பாசாமியின் முதல் அடியில் இறகுப்பந்து அவர் காலடியிலேயே விழுந்தது. மட்டைதான் பறந்தது. அது போய் முதல் மாடி பால்கனியில், ஒரு டீச்சரம்மா கூழ் காய்ச்சி ஊற்றிக் காயவைத்திருந்த வடாத்தின்மேல் இறங்கிற்று. டீச்சரம்மா மேலிருந்து பேசியதையெல்லாம் கலையரசனே பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

"வேர்வையில வழுக்கிச்சு டீச்சர். அண்ணாத்தைக்கு வேர்வை ஜாஸ்தி."

அன்று சாயந்திரமே அப்பாசாமி ஷட்டிலை விட்டுவிட்டதாக அறிவித்தார். தோள்வலி என்றார். ஆனால் காலையில் வெளியே போகவேண்டுமே.

பூங்கொடி துவைக்கப்போட்ட துண்டை முகர்ந்து பார்த்தாள். "பிளீச்சிங் பவுடர் வாசன வருது."

"டேபிள் டென்னிஸ்ல சேந்துகீறேன். அந்த ஹால அதுலதான் தொடைக்கிறாங்க."

"கண்ணு ஏன் செவந்து கெடக்குது?"

"பந்து சின்னதா கீதுல்ல. மொறைச்சிப் பாத்துகினே இருக்கணும்."

அவள் தலையாட்டினாள். மறுநாள் சாப்பாட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை இருந்தது, கண்ணுக்கு நல்லதாம். அதற்கடுத்த நாள் கலையரசன் வந்தான். அவன் மச்சான் வேலை செய்யும் இடத்தில் டேபிள் டென்னிஸ் மேசை இருக்கிறதாம். அங்கே போய் ஆடியதில், அன்று முழுக்கப் பந்து ஒரே ஒரு முறைதான் அப்பாசாமியின் கைக்கு வந்தது. அதுவும் கீழே உருண்டதை எடுத்துக் கொடுத்தபோது.

டேபிள் டென்னிஸும் போயிற்று. அடுத்த வாரம் கண்ணைச் சுற்றி வட்டமாகத் தழும்பு விழுந்திருந்தது. நீச்சல் கண்ணாடியின் வேலை.

"இது இன்னா?" என்றாள் பூங்கொடி.

"சைக்கிள். காத்துக்குக் கண்ணாடி போட்டுகினு ஓட்டறேன்."

"சைக்கிளு எங்க?"

அப்பாசாமி செருப்பை மாட்டிக்கொண்டார். "வாடகைக்கு எடுக்கறேன்" என்று முணுமுணுத்துவிட்டு நழுவினார்.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது, படிக்கட்டுக்குக் கீழே போர்வை போட்டு மூடியிருந்த மணியின் சைக்கிள் வெளியே நின்றது. துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து வைத்திருந்தாள் பூங்கொடி.

"வாடகை எதுக்கு? வூட்டுலயே கீதே," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாசாமி வெகுநேரம் அதன் கைப்பிடியைத் தொடாமல் நின்றார். பிறகு மெதுவாகத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார். மணி அவரைவிட ஒரு சாண் உயரம். சீட் அந்த உயரத்திலேயே இருந்தது. ஒரு ஸ்பேனர் கிடைத்தால் இறக்கிவிடலாம். ஸ்டோர்ஸில் நூறு ஸ்பேனர் இருக்கிறது. அவர் இறக்கவில்லை. கால் எட்டாமல், பெடலை உந்தி உந்தி மிதித்துக்கொண்டு போனார். சிக்னலில் நிற்கவேண்டி வந்தபோது கால் தரையைத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற இளநீர் வண்டிமேல் அப்படியே சாய்ந்தார். இளநீர்க்காரர் அவரைத் தூக்கி நிறுத்தி, "சீட்ட எறக்கிக்க நைனா" என்றார்.

"இருக்கட்டும்பா. பையனோடது," என்றார் அப்பாசாமி.

அன்று குளத்தில் முதல்முறையாக அவர் மிதந்தார். ஜெபக்குமார் முதுகுக்கடியில் பிடித்திருந்த கையை எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. மல்லாந்து கிடந்தார். காதுக்குள் தண்ணீர் போய், மண்டபத்து ஸ்பீக்கர் சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்துக்குப் போய்விட்டது. கண்ணிலிருந்து வழிந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது. நீச்சல் குளத்தில் அது ஒரு வசதி.

அடுத்த சில மாதங்களில் குப்புறப் படுத்துக் கையடிக்கவும் வந்தது. பத்துக் கை அடித்தால் மூச்சு வாங்கும். வாங்கினாலும் அடித்தார்.

பிரச்சினை கலையரசன் வடிவில் வந்தது. ஒரு மாலை குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான்.

"நாப்பது தாண்டுனா வெளையாடக் கூடாதுன்னு யாரு சொன்னது? நம்ம அப்பாசாமி அண்ணாத்தையப் பாருங்க. ஷட்டில், டேபிள் டென்னிஸ், சைக்கிளு. ஒரே வருசத்துல மூணு கேமு. அவரு மாதிரி நம்மளும் ஆவணும். அதுக்காக, பெரியவங்களுக்கு மட்டும் ஒரு வெளையாட்டு விழா. திருவிடந்தை கடற்கரையில."

எல்லோரும் கை தட்டினார்கள். வடாம் டீச்சரம்மா மட்டும் தட்டவில்லை.

"இன்னா வெளையாட்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பந்து கீது, கயிறு இழுக்கறது கீது. அப்பறம் சர்ஃபிங். பலகைய வெச்சிகினு அலை மேல போறது. புதுசா கத்துக்கறவங்களுக்கு ஈசியாம். மொதல்ல எறங்கறது அண்ணாத்த."

அப்பாசாமி பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. கடற்கரை என்றால் பூங்கொடி வரமாட்டாள்; அவள் வராத இடத்துக்கு அவர் போகவேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

பூங்கொடி சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு அவர் தட்டுக்கு வந்தது.

"போலாம்," என்றாள்.

"கடலு."

"தெரியும். போலாம்."

அதற்குமேல் அன்று இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

திருப்போரூர் வழியாக வேனில் போனார்கள். பூங்கொடி எப்போதும் புடவைதான் கட்டுவாள். அன்று சுடிதார் போட்டிருந்தாள். வேனில் ஏறி இறங்கச் சௌகரியம் என்றாள். உப்புக்காற்று ஜன்னல் வழியாக வரத் தொடங்கியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பாசாமி ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினார். கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

கடற்கரையில் இறங்கியதும் அவருக்கு அடுத்த இடி காத்திருந்தது. ஆபத்து வந்தால் காப்பாற்ற என்று கலையரசன் இரண்டு பேரை ஏற்பாடு செய்திருந்தான். மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு நின்றவர்கள் ஜெபக்குமாரும் பிரிசில்லாவும்.

அப்பாசாமி ஓட்டமும் நடையுமாகப் போய் ஜெபக்குமாரை ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

"தம்பி, என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. வூட்டுல சொல்லல. என் பொண்டாட்டி வந்துகீறா."

"எனக்கு உங்களத் தெரியவே தெரியாது சார்," என்றான் ஜெபக்குமார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"உங்க வூட்டம்மாகிட்டயும் சொல்லிடு."

"அவளுக்கும் யாரையும் தெரியாது. நீ பேஜாராவாத சார். எங்களுக்கு இது பழக்கம்."

என்ன பழக்கம் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. பிரிசில்லா பூங்கொடியைத் தாண்டிப் போனாள். இருவரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போனதைக் கண்டு அப்பாசாமிக்கு மூச்சு வந்தது.

கயிறு இழுத்ததில் கயிறு அறுந்து இரண்டு அணியும் மணலில் மல்லாந்தன. பந்தாட்டத்தில் பந்தை ஒரு நாய் கவ்விக்கொண்டு நெம்மேலிப் பக்கமாக ஓடிற்று. அதன் பின்னால் ஓடியவர்கள்தான் அன்றைக்கு உருப்படியாக உடற்பயிற்சி செய்தவர்கள். கடைசியில் சர்ஃபிங் வந்தது.

பலகை கனமாக இருந்தது. அப்பாசாமி அதை அணைத்துக்கொண்டு இறங்கினார். கலையரசன் செல்போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, படம் எடுப்பதற்காகக் கூடவே இறங்கினான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முட்டிக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது.

கால்கள் நின்றுவிட்டன.

குளத்தில் பழகியதெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அதே உப்பு வாசனை, அதே இழுப்பு, உள்ளங்காலுக்கடியில் அதே மணல் நழுவல். பலகையை அலை பிடுங்கிக்கொண்டு கரைக்குப் போயிற்று. அவர் வெறுங்கையோடு நின்றார்.

"அண்ணாத்த, சிரி, ஒரு போட்டோ," என்று பின்வாங்கிக்கொண்டே சொன்ன கலையரசன், அடுத்த வார்த்தை சொல்வதற்குள் காணாமல் போனான். ஒரு அலை அவனைச் சுருட்டிற்று. கொஞ்சம் தள்ளி ஒரு கை மட்டும் தெரிந்தது.

"மணி," என்று கத்தினார் அப்பாசாமி.

கால்கள் நகர்ந்தன. குப்புற விழுந்து கையடித்தார். ஜெபக்குமார் சொல்லிக்கொடுத்த எதுவும் அதில் இல்லை. மூச்சு விடவில்லை, காலை உதைக்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அந்தக் கை தெரிந்த திசையில் அடித்துக்கொண்டே போனார். வாயில் தண்ணீர் போகும்போதெல்லாம் பிள்ளையின் பெயர்தான் வெளியே வந்தது. இரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கலையரசன் இதற்குள் எழுந்து நின்றுவிட்டான். தண்ணீர் அவன் மார்பளவுதான். மூக்கைச் சிந்திக்கொண்டு செல்போனைத் தேடினான். அவனை உரசிக்கொண்டு அப்பாசாமி வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்துத் திகைத்தான்.

"அண்ணாத்த, நான் இங்க கீறேன். எங்க போற?"

அப்பாசாமிக்குக் கேட்கவில்லை. கை ஓய்ந்து, கண்ணைத் திறந்தபோது சுற்றிலும் தண்ணீர்தான் இருந்தது. காலைக் கீழே விட்டார், தரை இல்லை. மிதக்கவேண்டும் என்று தெரியும். மல்லாந்து படுத்தால் போதும் என்றும் தெரியும். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு முறை முங்கினார். மேலே வந்தார். மறுபடி முங்கியபோது அவருக்குப் பயமாக இல்லை. இங்கேதான் இருந்தாயா, இத்தனை தூரம்தானா, என்று ஒரு நினைப்பு மட்டும் வந்தது.

அப்போது ஒரு கை பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தது. முகம் வானத்தைப் பார்க்கும்படி அவரைப் புரட்டிப் போட்டது. இன்னொரு கை தண்ணீரைத் தள்ளித் தள்ளி, நிதானமாக, அலை வரும்போது நிறுத்தி, அலை போனதும் தொடர்ந்து, அவரைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன்னை ஒப்புக்கொடுத்த மாதிரி கிடந்தார்.

மணலில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. எழுந்து உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஜெபக்குமாரின் மஞ்சள் பனியன். அப்பாசாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மறைக்கவேண்டும் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"தம்பி, நீ மட்டும் இல்லன்னா," என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பனியன் காய்ந்திருந்தது.

"நான் தண்ணியில கால வெக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்சி சார்," என்றான் ஜெபக்குமார்.

அப்பாசாமி திரும்பினார். முதுகுக்குப் பின்னாலேயே, சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொள்ள, முடி முகத்தில் வழிய, பூங்கொடி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு முதலில் வந்தது கோபம். அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உனக்கு இன்னா பைத்தியமா? நீ எதுக்கு எறங்குன? உனக்கும் எதனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்? தண்ணின்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

பூங்கொடி ஒரு கையால் முகத்து முடியை ஒதுக்கினாள். அவர் காலரிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை என்பதை அப்போதுதான் அவளே கவனித்தாள், கவனித்தும் எடுக்கவில்லை. அவருடைய நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இரண்டு வருஷமாக அழாத அழுகையை அழத் தொடங்கினாள். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். கலையரசன்கூடச் செல்போனைத் தேடுவதை விட்டுவிட்டுத் தள்ளிப் போனான்.

துண்டை எடுத்துவந்து இருவர்மேலும் சேர்த்துப் போர்த்திய பிரிசில்லா, அப்பாசாமியின் காதருகே குனிந்து சொன்னாள்:

"அக்கா போன வருசமே மத்தியானத்துல வந்து எங்ககிட்ட நீச்சல் கத்துகினாங்க சார், 'என் வூட்டுக்காரரு புள்ளயத் தேடி என்னிக்கினா ஒரு நாளு கடல்ல எறங்கிடுவாரு, அன்னிக்கு இஸ்துகினு வர ஆளு வோணும்'னாங்க."